கம்பளி நின்ற இடம்

வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் ரசமட்டத்துக்கு முதல் நாளே விதிக்கப்பட்ட நிபந்தனை.

"நாய்கிட்ட ஒரே ஒரு ஆளுதான் பேசணும். உங்க வீட்டம்மா பேசட்டும். நீங்க பேசக் கூடாது" என்றார் பயிற்சியாளர்.

"நான் என்ன மேடம் தப்பாப் பேசிட்டேன்?"

"தப்பாப் பேசல, சத்தமாப் பேசுறீங்க. காலையில ஒரு சுருதி, சாயங்காலம் ஒரு சுருதி. நாய்க்கு அது ரெண்டு வேற ஆளு."

அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். குடிநீர் வினியோக அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. எதிர்முனையில் ஊரே திரண்டு வந்து திட்டினாலும், 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்பதை ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்வாள். அந்தக் குரல்தான் நாய்க்கு ஏற்ற குரல் என்று பயிற்சியாளர் கேட்டவுடனே முடிவு செய்துவிட்டார்.

"பத்து வருஷமா நானும் அந்தக் குரலைத்தான் மேடம் கேட்டுக்கிட்டிருக்கேன். நல்லாப் பதிவு பண்ணிக்குவா. சரி பண்ணதா சரித்திரமே இல்ல" என்றான் ரசமட்டம்.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. தரைக்குக் கல் பதிக்கிற தொழிலில் கூட இருப்பவர்கள் வைத்தது. ஒரு கூடத்தில் நூற்றிருபது கல் பதித்து முடித்து, மற்றவர்கள் கைகால் கழுவிவிட்டு வந்த பிறகும், ரசமட்டத்தை மூலைக்கு மூலை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான். அதன் பிறகு ஒவ்வொரு கல்லையும் ரப்பர்ச் சுத்தியலின் கட்டைப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டுவான். அடியில் காற்று இருந்தால் சத்தம் பொத்தல் என்று காட்டிக்கொடுத்துவிடும். உடனே பெயர்த்துவிடுவான். "நீ பதிச்ச தரையில கோலிக்குண்டை வச்சா, எந்தப் பக்கம் உருளுறதுன்னு தெரியாம அது அழுவும்யா" என்பான் கூட்டாளி.

இப்படி எதையும் மட்டம் பார்த்து வைக்கிறவனுக்கு, எந்த மட்டத்துக்குள்ளும் அடங்காத ஒரு மகள் பிறந்தாள்.

அவளை எல்லோரும் அம்பு என்று கூப்பிட்டார்கள். அது அவன் அக்கா வைத்த பெயர். ஓடத் தொடங்கினால் வளைவது, திரும்பிப் பார்ப்பது, கூப்பிட்டால் நிற்பது எதுவும் அவளிடம் கிடையாது. விட்ட அம்பாக நேரே போவாள். வயது ஆறு. பேச்சு வரவில்லை. விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழுகை வராது. வலி அவளுக்குக் கொஞ்சம்தான் எட்டும். நான்கு வயதில் செய்த இரத்தப் பரிசோதனையில், இருபத்திரண்டாவது குரோமோசோமின் நுனியில் சின்னத் துணுக்கு ஒன்று இல்லை என்று தெரிந்தது. லட்சத்தில் ஒரு சிலருக்கு வருவது என்றார் மருத்துவர். ஆட்டிசமும் அதோடு சேர்ந்தே இருந்தது. மருத்துவர் படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார். ரசமட்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முனையில சில்லு போயிருக்கு. அவ்வளவுதானே சார்? கல்லு முழுசா இருக்குல்ல?" என்று கேட்டான். மருத்துவர் படம் போட்ட தாளை மடித்து வைத்துவிட்டு, "முழுசா இருக்கு" என்றார்.

கல் முழுசாக இருந்தாலும் அது ஓரிடத்தில் நின்றால்தானே? கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்றையும் கற்றுக்கொண்டாள். போன வருடம் ஒரு மத்தியானம், குப்பை லாரி ஒன்றின் முன்னால் நடுச்சாலையில் நின்று, அதன் விளக்கு சிமிட்டுவதை ரசித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இறங்கி வந்து திட்டக்கூட இல்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து, நடுங்குகிற கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்றுதான் ரசமட்டத்தின் மனைவி உதவி நாய்க்கு விண்ணப்பம் எழுதினாள். பதினாறு மாதம் காத்திருந்தார்கள்.

வந்தது கம்பளி. கறுப்பு நாய், இரண்டரை வயது, பெயருக்கேற்ற அடர்ந்த ரோமம். நாய்ப் பயிற்சி நிலையத்திலேயே வைத்த பெயர். முதுகில் நீலச் சட்டை ஏறிவிட்டால் அது வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். கழற்றிவிட்டால் சாதாரண நாய், செருப்பைக்கூடக் கடிக்கலாம். சட்டையின் மேல் ஒரு பிடி இருந்தது, அம்பு பிடித்துக்கொள்ள. சட்டையிலிருந்து ஒரு நாடா போய் அம்புவின் இடுப்புப் பட்டையில் கோத்துக்கொள்ளும். கழுத்து வார் அம்மாவின் கையில். அம்பு ஓட முயன்றால் கம்பளி அப்படியே படுத்துவிட வேண்டும். முப்பத்திரண்டு கிலோ தரையில் படுத்துவிட்டால் இருபது கிலோவால் என்ன செய்ய முடியும்?

ஆனால் கம்பளி இன்னும் அவர்களுடையது ஆகிவிடவில்லை. பன்னிரண்டு வாரம் வீட்டில் பழக்கம். அதன் பிறகு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதனை வைப்பார். அதில் தேறினால் கம்பளி இங்கேயே இருக்கும். பள்ளிக்கூடமும் நாயோடு சேர்த்து அம்புவை முழுநாள் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதித்திருந்தது. தேறாவிட்டால் கம்பளி நிலையத்துக்குத் திரும்பிவிடும். வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் போகும்.

முதல் ஐந்து வாரமும் வண்டி நன்றாகவே ஓடியது. அம்புவுக்கு முடிவெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்த சலூனில், கம்பளி அவள் பாதங்களின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டது. அந்தக் கனம் ஏறியதும் அவள் தோள்கள் இறங்கின. முடிவெட்டுபவர் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு காதோரமும் ஒரே அளவில் வெட்டி முடித்தார். "இந்த நாயை எனக்குக் குடுங்க. எங்க வீட்டுல ஒருத்தர் கால் மேல படுக்க வைக்கணும்" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. மனைவி கட்டளை சொன்னாள்: 'போகலாம்', 'நில்லு', 'படு'. அக்கா தீனி அளந்து வைத்தாள். ரசமட்டத்துக்குத்தான் ஒன்றுமில்லை. ஊமைப்படத்தில் வருகிறவன் மாதிரி பின்னாலேயே நடந்தான்.

கேட்டுக்கு முன்னால் கம்பளி நிற்பதற்குத்தான் கொஞ்சம் தடுமாறியது. வீட்டு முற்றம் முடிந்து, ஒரு கையளவு இறங்கினால் தெரு. அந்த இறக்கத்துக்கு முன்னால் தானாகவே நிற்க வேண்டும். இரண்டு தடவை நிற்கும், ஒரு தடவை தாண்டும். ரசமட்டம் பார்த்தான். பேசத்தானே கூடாது? கை சும்மாதானே இருக்கிறது? பேருந்து நிலைய வேலையில் மிச்சம் வந்த மஞ்சள் கற்கள் கொட்டகையில் கிடந்தன. கண் தெரியாதவர்கள் கைத்தடியால் தடவிப் பார்த்து நடப்பதற்காகப் பதிக்கிற, மேலே பொட்டுப் பொட்டாகப் புடைத்த கற்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டை ஒட்டி ஒரு வரிசை பதித்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

கம்பளியும் நின்றது. மஞ்சளைக் கண்டதும் ஆணியடித்தது போல நின்றது. பத்துக்குப் பத்து.

"டேய் தம்பி, பேசாமலே சாதிச்சிட்டியேடா" என்றாள் அக்கா. அன்று சாப்பாட்டில் மனைவி, கேட்காமலே ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். ரசமட்டத்துக்கு அதுவே போதும்.

எட்டாவது வாரம் பயிற்சியாளர் வந்தார். இரண்டு தெரு தள்ளிக் கூட்டிப்போய் நடக்கச் சொன்னார். அம்மா, அம்பு, கம்பளி மூவரும் நடைபாதையில் அழகாகப் போனார்கள். நடைபாதை முடிந்தது. கம்பளி நிற்கவில்லை. அப்படியே சாலையில் இறங்கியது. சைக்கிளில் வந்தவர் ஒடித்துத் திருப்பி, குப்பைத்தொட்டியில் மோதி நின்றார். பயிற்சியாளர் பாய்ந்து வாரைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் நிக்கல?" என்று அவர் கேட்டார். கம்பளியைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. இன்னும் மூன்று முனைகளில் பார்த்தார். மூன்றிலும் இறங்கிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும், கேட்டுக்கு முன்னால் கம்பளி மிக ஒழுங்காக நின்றது.

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். மஞ்சள் வரிசையைப் பார்த்தார். பிறகு ரசமட்டத்தின் நகக்கண்ணில் காய்ந்திருந்த சிமெண்டைப் பார்த்தார்.

"இதே கல்லு மிச்சம் இருக்கா?"

அவன் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தான். அவர் அதைக் கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தார். "போகலாம்" என்றாள் மனைவி. கம்பளி நடந்து வந்து, கல்லைக் கண்டு, கூடத்தின் நடுவில் சிலையாக நின்றது. வாலை வேறு ஆட்டியது. 'சரியாகச் செய்துவிட்டேன், தீனி எங்கே?'

பயிற்சியாளர் அந்தக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லிக்கொடுங்கன்னு நான் சொன்னேன். நீங்க கலர் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. நாய்க்கு நல்லாத் தெரியுற கலரே ரெண்டுதான். நீலம் ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு. அதுல ஒண்ணைப் பார்த்துப் பதிச்சிருக்கீங்க."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க மேடம்..." என்று இழுத்தான் ரசமட்டம்.

"கையையும் கட்டிக்குங்கன்னு சொல்லத் தோணலையே எனக்கு. என் தப்புத்தான்."

பயிற்சியாளர் போன பிறகு மனைவி அடுப்படியில் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ரசமட்டம் வாசற்படியில் நின்றான்.

"திட்டேன். திட்டிடு."

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றாள் அவள், திரும்பாமலே. குரல் மட்டும் நடுவில் ஓரிடத்தில் உடைந்தது. பத்து வருடத்தில் அந்தக் குரல் உடைந்து அவன் கேட்டதில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்து, தான் பதித்த வரிசையைத் தானே பெயர்த்தான். நன்றாகப் பதித்திருந்ததால் சீக்கிரம் வரவில்லை. தன் கைத்திறமையைத் தானே சபித்த ஒரே நாள் அதுதான்.

நான்கு வாரம் இருந்தது. பயிற்சியாளர் வழி சொல்லியிருந்தார்: மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை என்று கம்பளிக்கு உறைக்க வேண்டும். அப்படியானால் மஞ்சள் எங்கும் கிடக்க வேண்டும். ரசமட்டம் மஞ்சள் கல்லைக் கூடத்தில் போட்டான், அடுப்படி வாசலில் போட்டான், குளியலறைக்கு முன்னால் போட்டான், ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிப் போய் நடைபாதையின் நடுவில் போட்டான். மஞ்சளைத் தாண்டி நடந்தால் கம்பளிக்குத் தீனி. உண்மையான இறக்கத்தில் நின்றால் இரண்டு மடங்கு தீனி. மஞ்சளில் நின்றால் ஒன்றும் கிடையாது.

பதிக்காமல் சும்மா போட்ட கல் ஆடும். ஆடினால் நாய்க்குக் கால் வழுக்கும். அதனால் ஒவ்வொரு கல்லையும் போட்டபின், பழக்க தோஷத்தில், சுத்தியல் பிடியால் இரண்டு தட்டு. டொக், டொக். உடனே மனைவி சொல்வாள், "போகலாம்." கம்பளி தாண்டும். அடுத்த கல். டொக், டொக். "போகலாம்." ஒரு நாளைக்கு நூறு தடவை.

அம்பு எப்போதும் பக்கத்திலேயே இருந்தாள். தட்டுகிற கல்லில் காதை ஒட்டிவைத்துக் கேட்பாள். அதன் பிறகு அவளும் தட்டத் தொடங்கினாள். சாப்பாட்டுத் தட்டில் இரண்டு, சுவரில் இரண்டு, தூங்கும் அத்தையின் நெற்றியில் இரண்டு. "ஏண்டி, நான் என்ன உங்கப்பன் பதிச்ச கல்லா? உள்ள பொத்தலா இருக்கான்னு பாக்குறியா?" என்று அத்தை எழுந்து உட்காருவாள். அம்பு எதையாவது பிடித்தால் விடமாட்டாள், இது இந்த வாரத்துப் பிடி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பதினோராவது வாரம் கம்பளி மஞ்சளைச் சட்டை செய்யாமல் தாண்டியது. இறக்கத்தில் நின்றது. மனைவி மறுபடியும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். இந்தத் தடவை ரசமட்டம் அதைச் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டான்.

சோதனை நாள் காலையில்தான் இடம் எது என்று சொன்னார்கள். ரயில் நிலையம்.

அதிகாரி ஒல்லியான மனிதர். காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. அட்டையில் செருகிய தாளில் கட்டம் கட்டமாக இருந்தது. விதிகளை ஒருமுறைதான் சொன்னார். "நாய்கிட்ட அம்மா மட்டும் பேசலாம். ஒரே கட்டளையை மூணாவது தடவை சொன்னா அந்தப் பகுதி தோல்வி. விளிம்புல நிக்கலைன்னா மத்ததுல எவ்வளவு வாங்கினாலும் மொத்தமும் தோல்வி. அப்பா பத்தடி பின்னால வரலாம். வாயும் கையும் சும்மா இருக்கணும்."

"கையையும் சொல்லிட்டாங்களா?" என்று ரசமட்டம் பயிற்சியாளரிடம் முணுமுணுத்தான்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் அவர்.

மின்தூக்கியில் கம்பளி நட்டநடுவில் நிற்கும் குமிழி போல அசையாமல் இருந்தது. கூட்டம் நிறைந்த பயணச்சீட்டுக் கூடத்தில் யாரோ ஒரு குழந்தை பிஸ்கட்டை மூக்குக்கு முன்னாலேயே போட்டது. கம்பளி பார்க்காதது போல் பார்த்துவிட்டு நடந்தது. ஒலிபெருக்கி கத்தியபோது அம்பு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட, கம்பளி அவள் மடியில் தலையை அழுத்தியது. இரண்டு நிமிடத்தில் அவளாகவே எழுந்தாள். அதிகாரியின் பேனா கட்டங்களுக்குள் இறங்கி ஏறியது.

பிறகு நடைமேடைக்கு வந்தார்கள். ரசமட்டம் குனிந்து தரையைப் பார்த்தான்.

நடைமேடைக்குள் நுழையும் வாசலின் குறுக்கே, சுவரிலிருந்து சுவர் வரைக்கும், மஞ்சள் கல். பொட்டுப் பொட்டாகப் புடைத்த அதே கல், அதே அளவு. அதற்கு அப்பால் சாம்பல் தரை. அதற்கும் அப்பால், தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு மஞ்சள் வரிசை. அதோடு நடைமேடை முடிந்து, ஓர் ஆள் உயரப் பள்ளம். அந்தத் தண்டவாளத்தில் அப்போது வண்டி வரும் நேரமில்லை. இருந்தாலும் அதிகாரி பள்ளத்தின் பக்கமாகப் போய்த் தானே காவலாக நின்றுகொண்டார்.

முதல் மஞ்சளைத் தாண்ட வேண்டும். இரண்டாவதில் நிற்க வேண்டும். கல் ஒன்றே.

மூவரும் நடந்தார்கள். முதல் மஞ்சள் வந்தது. கம்பளி நின்றது.

"போகலாம்" என்றாள் மனைவி, குடிநீர் அலுவலகக் குரலில்.

கம்பளி அவளைப் பார்த்தது. போகவில்லை. அதன்பின் கழுத்தைத் திருப்பி, பத்தடி பின்னால் நிற்கிற ரசமட்டத்தைப் பார்த்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மஞ்சளுக்காக நிற்கவில்லை அது. தட்டுக்காகக் காத்திருக்கிறது. நான்கு வாரம், நாளைக்கு நூறு தடவை, மஞ்சளைத் தாண்டுமுன் டொக், டொக் என்று கேட்டுப் பழகிவிட்டது. பழைய தப்பைப் பெயர்த்த கையே அதன் இடத்தில் புதுத் தப்பு ஒன்றைப் பதித்து வைத்திருக்கிறது.

பக்கத்தில் இரும்பு இருக்கை இருந்தது. விரல் மடக்கி இரண்டு தட்டு. யாருக்கும் தெரியாது. யாரோ பயணி தட்டினார் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். கை தானாக எழுந்தது. பயிற்சியாளர் அந்தக் கையைப் பார்த்தார். தடுக்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார். இன்று தட்டிவிடலாம். நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் யார் தட்டுவது? குப்பை லாரிக்காரர் கைகளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ரசமட்டம் கையை இறக்கி, மறுகையால் பிடித்துக்கொண்டான்.

"போகலாம்." இரண்டாவது தடவை.

கம்பளி நின்றது. அதிகாரி காதிலிருந்த பேனாவை எடுத்தார். மனைவி உதட்டைக் கடித்தாள். மூன்றாவதைச் சொல்லவும் முடியாது. சொல்லாமல் எத்தனை நேரம் நிற்பது?

அம்பு இந்தப் பெரியவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவள் காலுக்குக் கீழே இருந்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கல். அதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குனிந்தாள். விரல்களை மடக்கினாள். கல்லைத் தட்டவில்லை, கம்பளியின் சட்டைப் பிடியைத் தட்டினாள். பிடி கெட்டியான பிளாஸ்டிக்.

டொக், டொக்.

கம்பளி நடந்தது.

அம்பு அதோடு சேர்ந்து நடந்தாள். அம்மா வாரைப் பிடித்துக்கொண்டு, நடப்பது தன் கால்தானா என்பது போல நடந்தாள். பயிற்சியாளர் ரசமட்டத்தின் முழங்கையைப் பிடித்தார். பன்னிரண்டு வாரமாக அவனை எச்சரித்து நீண்ட விரல்கள், இப்போது இரத்தம் கட்டுகிற மாதிரி இறுக்கின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சாம்பல் தரை பத்துப் பன்னிரண்டு அடிதான். இரண்டாவது மஞ்சள் வந்தது. கம்பளி நின்றது.

எதிர்ப்புறத் தண்டவாளத்தில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. அதன் முகப்பில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அம்பு அதைப் பார்த்துவிட்டாள். அவள் உடம்பு வில்லாக விறைப்பதை ரசமட்டம் முதுகிலிருந்தே படித்தான். அவள் குனிந்தாள். பிடியைத் தட்டினாள்.

டொக், டொக்.

ரசமட்டம் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான். இமை இறங்கவில்லை. அதே மஞ்சள், அதே பொட்டு, அதே தட்டு, தட்டியதும் அதே கை. கொஞ்சம் முன்னால் இதற்குத்தானே நடந்தது?

கம்பளி உட்கார்ந்தது.

டொக், டொக். இந்தத் தடவை பலமாக.

கம்பளி முன்னால் இருந்த பள்ளத்தை மோந்தது. காதைப் பின்னால் மடித்தது. அம்பு பிடியை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். நாடா விறைப்பதற்குள் கம்பளி முழு உடம்பையும் தரையில் போட்டுவிட்டது. முப்பத்திரண்டு கிலோ, மோவாய் வரைக்கும் தரையோடு தரையாக. அம்பு இழுத்தாள், கத்தினாள், நாடாவை உதைத்தாள். மேற்கூரையில் இருந்த புறாக்களெல்லாம் பறந்தன. கம்பளி நன்றாகப் பதித்த கல்லைப் போல் இருந்தது. ஒரு நூல்கூட நகரவில்லை.

இழுத்து இழுத்துக் களைத்த அம்பு அதன் மேலேயே விழுந்தாள். கத்தல் விம்மலானது. விம்மல் மூச்சானது. கன்னத்தைக் கறுப்பு ரோமத்தில் வைத்து, படுத்த வாக்கிலேயே சிமிட்டுகிற விளக்கைப் பார்த்தாள். அங்கிருந்தும் அது நன்றாகத்தான் தெரிந்தது.

அதிகாரி விளிம்பிலிருந்து வந்தார். தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

"முதல் இடத்துல நாயை நடக்க வச்சது அம்மா இல்ல" என்றார்.

"இல்ல சார்" என்றாள் மனைவி.

"பாப்பா."

"ஆமா சார்."

"இந்தத் தாள்ல குழந்தை என்ன செஞ்சாங்கன்னு எழுத இடமே இல்ல. பன்னிரண்டு வருஷமா இதே தாளைத்தான் வச்சிருக்கேன்." தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நெடுநேரம் எழுதினார். பிறகு முன்பக்கத்துக்கு வந்து, விளிம்பு என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார். "பாப்பா தட்டினா நடக்குது, பள்ளம்னா பாப்பா தட்டினாலும் நடக்கல. நாய் உங்களுதுதான். கூட்டிட்டுப் போங்க."

பயிற்சியாளர் முதலில் தாளைப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார். மனைவி அம்புவை எழுப்பி, நாடாவைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, கம்பளியின் சட்டையைக் கழற்றினாள். சட்டை கழன்றதும் கம்பளி எழுந்து உதறிக்கொண்டு, நேராக வந்து ரசமட்டத்தின் செருப்பைக் கவ்வியது.

"மேடம், இப்ப நான் பேசலாமா?" என்று கேட்டான்.

"சட்டை கழட்டியாச்சுல்ல. தாராளமாப் பேசுங்க."

அவன் நடைமேடையில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். கம்பளியின் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டான். பன்னிரண்டு வாரமாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. தோள்தான் குலுங்கியது. கம்பளி செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவன் மூக்கை நக்கியது.

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றாள் மனைவி, மேலே நின்றபடி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சரியும் பண்ணியாச்சுங்க. எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.

அம்புவுக்கு ரயில் விளக்கு அலுத்துவிட்டிருந்தது. அவள் சுற்றி வந்து அப்பாவின் பின்னால் நின்றாள். வழியில் எதையோ போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது போல அவன் முதுகைக் கொஞ்சநேரம் பார்த்தாள். விரல்களை மடக்கினாள்.

டொக்.

இரண்டாவது தட்டுக்குக் காத்திருக்காமல் ரசமட்டம் எழுந்து நடந்தான்.